யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை

பொருளியலும் நிதியும் சேர்ந்த முதுமாணிப் பட்ட மேற்படிப்புக்கு இஸ்ராவுக்கு இடம் கிடைத்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: பாடவழியா, ஆய்வுவழியா? பாடவழி என்றால் ஒரு வருடம். வார இறுதி வகுப்பு, பரீட்சை, பிறகு ஏதாவது வங்கி வேலை. ஆய்வுவழி என்றால் இரண்டு வருடம் ஒரே விஷயத்தைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் கணவன் றில்வானிடம் கேட்டாள்.

"ஒனக்கு விருப்பமானத எடு. நான் என்னத்துக்கு வேணாங்கிறது?" என்றான்.

வாப்பா ஜௌபரோ, "ரெண்டும் படிப்புத்தானே மகள்" என்று சிரித்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

யாராவது ஒருவர் ஒன்றைக் கூடாது என்றிருந்தால், வீம்புக்காவது அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றதில் அவளுக்குத் தலை சுற்றியது.

வியாழக்கிழமை பெரகலைக்கு பஸ் ஏறினாள். கூடப் படித்த நிரஞ்சலா அங்கேதான் டீச்சராக இருந்தாள். ஆய்வுவழியில் படித்து முடித்தவள். சந்தித் தேநீர்க் கடையில், பனி உள்ளே நுழைய நுழைய உட்கார்ந்து பேசினார்கள்.

"அத எடுத்ததுல உனக்கு வருத்தம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப சந்தோஷமா?"

நிரஞ்சலா ரொட்டியைப் பிய்த்தபடி யோசித்தாள். "அப்பிடியும் சொல்ல முடியல இஸ்ரா. அந்த ரெண்டு வருஷமும் வேற எதுலயும் மனசு நிக்கல. அது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் புரியல."

போகும்போது இருந்த குழப்பம் வரும்போது இரட்டிப்பாகியிருந்தது. வெள்ளி காலையில், இனி யோசித்து ஆகப்போவதில்லை என்று பாடவழியைத் தேர்ந்து அனுப்பிவிட்டு றில்வானின் கடைக்குப் போனாள்.

கொஸ்லந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராசம்மா, வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டு வந்திருந்தார். மகளுக்கு ஒரு போன். சீட்டு விழுந்த காசு முழுதாகக் கையில் இருந்தும் தவணைக்குத்தான் வேண்டும் என்றார்.

"தவணைக்கு வெல கூடத்தானே வரும்? ஏன் அக்கா?" என்றாள் இஸ்ரா.

"மாசாமாசம் டவுனுக்கு வர ஒரு சாக்கு வேணாமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

"சும்மா சொல்றா. சீட்டுக் காசு கரைஞ்சா லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றான் றில்வான்.

நிரஞ்சலாவைப் போனில் கேட்டால் அவள் வேறொன்று சொன்னாள்: "தவணை கட்டுற வீட்டுல யாரும் கைமாத்து கேக்க மாட்டாங்க."

மூன்றும் சரியாகத்தான் பட்டன. எது உண்மை? மத்தியானம் வரை வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. எழுந்து பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"ஆய்வுவழிக்கு மாத்த ஏலுமா?"

"ஏலும். ஆனா மாத்தினா மாத்தினதுதான். நல்லா யோசிச்சீங்களா?"

"இல்ல," என்றாள். "மாத்திருங்க."

வங்கி வேலையைக் காற்றில் விட்டுவிட்டோமோ என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது. றில்வானிடம் சொன்னபோது அவன், "ஆ, அதுவும் நல்லம்" என்றதோடு சரி. அவன் மேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த மாதம் தவணை கட்ட வந்த ராசம்மாவிடம், "என்ட படிப்புக்காக ஒங்கட வீட்டுப் பக்கம் வந்து நாலு பேரோட பேசலாமா அக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்ன பேசப் போறீங்க?"

"தவணையில தொடங்கணும். மத்தது எனக்கும் இன்னும் சரியாத் தெரியல."

ராசம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாயித்துக்கிழம வாங்க. மத்த நாள்ல விடிஞ்சதும் பேர் குடுக்க பெரட்டுக்கு ஓடணும், வேல முடிய அந்தியாயிரும்."

எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது என்று இஸ்ரா விசாரிக்கத் தொடங்கினாள்.