பெக் மேனியனின் வாய் பெற்ற பிள்ளை

மலாக்கி கொனீலியை யாரும் பெற்றெடுக்கவில்லை. அவனுக்கு ஞானஸ்நானம் மட்டும்தான் நடந்தது. கன்னிமாராக் கடற்கரையில் கில்மோரன் பங்குக்கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்தால், எழுபத்துமூன்றாம் பக்கத்தில் ஆறாவது வரியில் அவன் இருக்கிறான்: 1887 நவம்பர் 11, மலாக்கி, தகப்பன் கோல்மன் கொனீலி, தாய் பார்பரா, ஞானத்தாய் பெக் மேனியன். எல்லாம் லத்தீனில். அன்றைக்கு அந்த வீட்டில் பிறந்து, அந்தக் கோயிலில் தலையில் தண்ணீர் பட்டதும் வீலென்று கத்திய பிள்ளை வேறு. அவன் பெயர் பார்ட்லி. அவன் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

குற்றம் மருத்துவச்சி பெக் மேனியனின் வாயுடையது. பெற்றவளை மந்திரித்துக் கோயிலில் சேர்க்கும்வரை அவள் வாசல் தாண்டக் கூடாது என்பது அந்நாளைய வழக்கம். ஆகவே பிள்ளைக்குப் பெயரிடும் நாளில் தாய் வீட்டில் கிடப்பாள், மருத்துவச்சி பிள்ளையைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு போவாள். தலைப்பிள்ளைக்குத் தகப்பனின் தகப்பன் பெயர்தான், பார்ட்லி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று கோல்மன் சொல்லித்தான் அனுப்பினான். ஐந்து மைல் சதுப்பு, விடாத மழை. அன்று புனித மார்ட்டின் திருநாள் வேறு. வாத்து அறுத்த மூன்று வீடுகளில் பெக்கைக் கூப்பிட்டு நிறுத்தி ஆளுக்கொரு கோப்பை சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள். போதாததற்கு, அவள் அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டிக் காயவைத்திருந்த கரிக்கட்டிகளை முந்தின வாரம் மலாக்கி ஜாய்ஸ் என்பவன் வண்டியோடு திருடிக்கொண்டு போயிருந்தான். வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே போனாள். 'பிள்ளைக்கு என்ன பெயர்?' என்று சாமியார் கேட்டபோது வாயில் எந்தப் பெயர் இருந்ததோ அது வந்து விழுந்தது. வீட்டுக்குத் திரும்பி, 'எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது' என்று சொல்லிவிட்டு ஈரச் சால்வையை அடுப்பருகில் காயப்போட்டாள்.

பார்ட்லி பார்ட்லியாகவே வளர்ந்தான். செவலைப் பசு உதைத்து முன்பல்லை உடைத்துக்கொண்டான், கிணற்றில் ஒருமுறை விழுந்தான், பதினெட்டு வயது முடிந்த 1906 மே மாதம் அமெரிக்காவுக்குப் புறப்பட்டான். வண்டி அவனை ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்குத் திருப்பத்தில் மறைந்தது. பன்னிரண்டு மணிக்கு அதே வயதில் ஒருவன் வாசலில் வந்து நின்றான். தகப்பனின் காது, தாயின் கண், வாயில் பற்கள் முழுசாக. காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கிழங்கு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான். அழுது ஓய்ந்திருந்த பார்பரா, நீ யாரப்பா என்றாள். "மலாக்கி. புத்தகத்துல இருக்கேன்" என்றான். கோல்மன் கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், ஆறாவது வரியில் மலாக்கி இருந்தான். எண்பதைத் தாண்டியிருந்த பெக்கைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் அவனை மேலும் கீழும் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு, "ஐயையோ, இவன் என் வாயில பொறந்தவன்" என்று நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டாள். அடுப்பருகில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்குட்டி டீலியாவுக்கு அப்போது ஒன்பது வயது. பெயர் இருக்கிறது, தாய் தகப்பன் இருக்கிறார்கள், இனி என்ன செய்ய என்று வைத்துக்கொண்டார்கள்.

அவனிடம் குறை ஒன்றே ஒன்றுதான், தொப்புள் இல்லை. வயிறு கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. கால்வேயிலிருந்து வந்த டாக்டர் இரண்டு முறை தட்டிப் பார்த்து, தேநீர் குடித்து, மற்றபடி ஆள் திடம் என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். கடற்பாசி சுமப்பதிலும் கிழங்குக் குழி தோண்டுவதிலும் அவனுக்கு இணை கிடையாது. ஆனால் ஊரில் நாலுபேர் கூடி, சின்ன வயதில் நாம் செய்த கூத்து என்று பேச்செடுத்தால் மலாக்கி மட்டும் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு 1906 மே மாதத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் டீலியாவிடம், "பார்ட்லி சின்னதுல எப்படி இருந்தான், சொல்லேன்" என்று கேட்பான். அவள் தனக்குத் தெரிந்ததையும் அம்மா சொன்னதையும் சேர்த்துச் சொல்வாள், செவலைப் பசு, கிணறு, உடைந்த பல். அவன் பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்க டீலியாவுக்குப் பொறுக்காது.

1909இல் பார்ட்லி பாஸ்டனிலிருந்து பங்குச்சாமிக்கு எழுதினான். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அங்குள்ள கோயிலில் ஞானஸ்நானச் சீட்டு கேட்கிறார்கள், அனுப்புங்கள் என்று. அப்போதிருந்த லைடன் சாமி புத்தகத்தில் உள்ளதை மட்டும் பேசுகிற மனிதர். 'பார்ட்லி என்று இந்தப் பங்கில் அந்தப் பெற்றோருக்கு யாரும் ஞானஸ்நானம் பெறவில்லை. அந்தத் தேதியில் பெற்றவர் மலாக்கி. அவர் நலமாக இருக்கிறார், நேற்றுக்கூடக் கிழங்கு தோண்டினார்' என்று பதில் போட்டார். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டு சாட்சிகளை வைத்துச் சத்தியம் செய்து பார்ட்லி கல்யாணத்தை முடித்துக்கொண்டான். வீட்டுக்கு ஒரே ஒரு வரி எழுதினான்: 'என் இடத்துக்கு ஆள் வந்தாச்சுன்னா அவனையே வச்சுக்குங்க.' அதற்கப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூட இல்லை. டீலியா வருடத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள், எல்லாம் கிணற்றில் போட்ட கல். பார்பரா 1931இல் பார்ட்லி பேரைச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். அப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் மலாக்கி.

பிறகு 1934இல் கோயில் அலமாரியில் எலி புகுந்து எழுபத்துமூன்றாம் பக்கத்தின் கீழ்மூலையைக் கடித்தது. மறுநாள் காலை மலாக்கி பூட்ஸ் மாட்டும்போது இடதுகாலின் சுண்டுவிரலைக் காணோம். வலி இல்லை, ரத்தம் இல்லை. அந்தப் புத்தகத்துக்குத் தகரப் பெட்டி ஒன்று செய்து வைத்தார்கள். அவன் உயிர் எதில் இருக்கிறது என்பது அதற்கப்புறம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

1971 ஜூன் மாதம், பை நிறையக் காகிதத்தோடு ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் டொரீன் கானலி, பாஸ்டன்காரி, பார்ட்லியின் பேத்தி. டப்ளினில் நூலகத்தில் மூன்று வாரம் பங்குப் பதிவேடுகளின் படச்சுருளைச் சுற்றிச் சுற்றிக் கண் சிவந்திருந்தாள். கானலி என்ற பெயரில் தேடிக் கிடைக்காமல், இந்தப் பக்கத்தில் அதைக் கொனீலி என்று எழுதுவார்கள் என்று யாரோ சொல்ல, முதலிலிருந்து தேடி, தேதியும் பெற்றோரும் சரியாகவும் பிள்ளையின் பெயர் மட்டும் தப்பாகவும் உள்ள ஒரு வரியைக் கண்டுபிடித்திருந்தாள். தாத்தாவுக்கு எண்பத்துமூன்று வயது, மருத்துவமனையில் இருக்கிறார், இலையுதிர்காலம் தாண்டாது என்கிறார்கள். தினமும் ஒரே கேள்வி, என்னை எழுதிட்டாங்களா என்று. அவள் பேராயரிடம் அனுமதியும் வாங்கி வந்திருந்தாள்: உயிரோடிருக்கும் சாட்சி ஒருவர் வேதத்தின்மேல் கைவைத்துச் சொன்னால், பிழையான பெயரை அடித்துச் சரியான பெயரை எழுதலாம்.

உயிரோடிருக்கும் சாட்சி டீலியா ஒருத்திதான்.

டொரீன் வீட்டுக்குள் வந்ததும் அடுப்பருகில் இருந்த கிழவனைப் பார்த்து, "கடவுளே, எங்க தாத்தாவோட காது!" என்றாள். மலாக்கி எழுந்து தொப்பியைக் கழற்றி, நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். அவன் யார், எலி கடித்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் டீலியா எதையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் நெடுநேரம் ரொட்டியைத் தொடவேயில்லை.

"அப்ப அடிச்சா…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "வேணாம் ஆன்ட்டி. தாத்தாகிட்ட பக்கம் கிழிஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"அவனுக்கு அறுபது வருஷமா இல்லாததை இன்னொருவாட்டி இல்லேன்னு சொல்லப்போறியா?" என்றாள் டீலியா.

மலாக்கி கிழங்கின் தோலை உரித்தபடியே சொன்னான். "அடிச்சிடு டீலியா. அது அவன் வரி. நான் ஒரு வசவுல பொறந்தவன். இத்தனை நாள் உக்காந்து சாப்பிட்டதே அதிகம்."

"வாயை மூடிட்டுத் தின்னு."

"நெசமாத்தான். எனக்கு வலிக்கக்கூடச் செய்யாது, வெரல் போனப்பவே பாத்தேன்."

"எனக்கு வலிக்கும்டா, முட்டாளே!" என்று கத்திவிட்டு டீலியா கோழிகளைப் பார்க்கப் போகிறவள்போல் வெளியே போய்விட்டாள். கோழிகள் எப்போதோ அடைந்திருந்தன. ஒருவன் அவளோடு பிறந்தவன், அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவன். மற்றவன் அறுபத்தைந்து வருடம் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன். ஒருவனுக்காக வாய் திறந்தால் மற்றவன் போவான், மூடிக்கொண்டால் முன்னவன் ஏக்கத்தோடு சாவான். சேற்றில் நின்று அவள் பெக் மேனியனை மனமாரத் திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

ஞாயிறு பூசை முடிந்து மூவரும் சாமியார் அறைக்குப் போனார்கள். இப்போதைய பங்குச்சாமி ஹெஸ்டர் இளைஞர், நல்ல மாதிரி. தகரப் பெட்டியைத் திறந்து புத்தகத்தை விரித்து, அடிக்கச் சிவப்பு மைப் பேனாவையும் எழுதக் கறுப்பு மைப் பேனாவையும் பக்கத்தில் வைத்திருந்தார். மலாக்கி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். சலவை செய்த சட்டை போட்டு, நல்ல பூட்ஸ் மாட்டி, ஊருக்குக் கிளம்புகிறவன்போல் வந்திருந்தான். டீலியா வேதத்தின்மேல் கைவைத்தாள்.

"சொல்லுங்க. அன்னைக்கு ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை பேரு மலாக்கியா, பார்ட்லியா?"

"ரெண்டும்தான் சாமி. ரெட்டைப் பிள்ளைங்க."

சாமியார் கையிலெடுத்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ஒருத்தர் பேரு எங்க?"

"மழை சாமி. பெக் சால்வைக்குள்ள ரெண்டையும் வச்சிருந்தா. பார்ட்லி தூங்கிட்டான், சத்தமே இல்லை. அப்ப இருந்த சாமியாருக்குக் கண்ணும் மட்டு, பசி வேற. ரெண்டு பேருக்கும் தண்ணி ஊத்தினாரு, ஒருத்தனை எழுதினாரு."

"நீங்க பொறக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி நடந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெக் சொன்னா."

"டீலியா, அந்தப் பெக் சொன்னது என்னன்னு இந்த ஊருக்கே தெரியும்."

"பெக் வாயில வந்தா அது நடந்துடும் சாமி. இல்லேங்கிறீங்களா? சாட்சி வெளியில பெஞ்சில உக்காந்திருக்கு, போய்க் கேளுங்க."

ஹெஸ்டர் சாமி ஜன்னல் வழியாக மலாக்கியைப் பார்த்தார். சலவைச் சட்டையைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, கறுப்புப் பேனாவை எடுத்தார். ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இடம் இருந்தது. அதில் பொடி எழுத்தில், பார்ட்லி என்ற பெயரின் லத்தீன் வடிவத்தைப் போட்டு, 'மற்றும் பர்த்தொலொமேயு, இரட்டையர்' என்று எழுதி, ஈரம் காய ஊதினார். வெளியே மலாக்கி "அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். தொப்புள் இருந்தது, பச்சைப் பிள்ளைக்கு இருப்பதுபோல் சிவந்து, கொஞ்சம் துருத்திக்கொண்டு. டீலியா வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். இரண்டாவது ஒத்தடத்தின்போது மலாக்கி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் செவலைப் பசு மொதல்ல என்னைத்தான் உதைக்க வந்துச்சு. நான் நகர்ந்தேன், அது பார்ட்லி பல்லுல பட்டுது" என்றான். டொரீன் அழுதுவிட்டாள். பரணிலிருந்த தொட்டிலை மறுநாள் இறக்கிப் பார்த்தார்கள்; அது இரண்டு பிள்ளை படுக்கிற அகலத்துக்கு இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டீலியா பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், வேதத்தின்மேல் கைவைத்துப் பொய் சொன்னேன் என்றாள். "என்ன பொய்?" என்று கேட்டார் ஹெஸ்டர் சாமி, உண்மையாகவே புரியாமல். அவளுக்கும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

டொரீன் ஞானஸ்நானச் சீட்டோடு பாஸ்டன் போய்ச் சேர்ந்தாள். ஆகஸ்ட் மாதம் கடிதம் வந்தது, பார்ட்லியின் கையெழுத்தில், அறுபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு. மேலே மலாக்கியின் பெயர். 'நர்ஸு என் சீட்டைச் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு மேல மாட்டியிருக்கா. உங்கமேல எனக்கு ஏதோ கோபம் இருந்துச்சு, என்னன்னு ஞாபகம் இல்லை. நீ இன்னமும் தூங்கும்போது சில்லுன்னு இருக்கிற காலை அடுத்தவன் முதுகுல வைக்கிறியா?'

மலாக்கி மூன்று முறை படித்தான். "பொய் சொல்றான். சில்லுன்னு இருந்தது அவன் காலு" என்று சொல்லி, அப்போதே பேனா கேட்டான். அந்தக் கால் விவகாரம் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு வருடம் நடந்தது. மருத்துவர் சொன்ன இலையுதிர்காலத்தைப் பார்ட்லி இரண்டு தடவை தாண்டினான். 1973 நவம்பரில், புனித மார்ட்டின் திருநாள் வாரத்தில், ஒருவர் பாஸ்டனிலும் ஒருவர் கில்மோரனிலும் இறந்துபோனார்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டது, யாரும் அதிசயப்படவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, கடைசியில் யார் கால்தான் சில்லென்று இருந்தது என்று டீலியாவிடம் கேட்டாள்.

"ரெண்டு பேரு காலும்தான்" என்றாள் டீலியா, தேநீரை ஊற்றியபடி. "நடுவுல படுத்தவ நான்ல."