அப்பாவின் புர்னூஸ்

பெட்டியை மூன்றாவது முறையாகக் கவிழ்த்துத் தேடினாள் மெசூதா. அப்பாவின் புர்னூஸைக் காணோம்.

அடக்கம் முடிந்து இன்று மூன்றாம் நாள். அப்பாவின் உடலைக் குளிப்பாட்டிய தாஹர் மாமாவுக்கு அந்த ஒட்டக ரோம அங்கியைத் தருவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தவள் அவள்தான். மாமா முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, புர்னூஸ் எங்க?"

"என்னை ஏன் கேக்குற? உங்க அண்ணனைக் கேளு" என்றாள் நஜியா, குஸ்குஸ் ரவையும் கறியும் வேகும் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடக்கத்துக்கு மறுநாளிலிருந்து நாயையும் காணோம். அந்த நாய் ரீமாவுக்குப் பதினான்கு வயது. ஒரு காலத்தில் மணலில் முயலை ஓடவிட்டுப் பிடித்தவள்; இப்போது பல்லும் இல்லை, பார்வையும் இல்லை. அப்பா இறைச்சியைத் தன் வாயில் மென்றுதான் அவளுக்கு ஊட்டுவார். அதைப் பார்த்தாலே பெல்காசெம் அண்ணனுக்குக் குமட்டும்.

"நீங்க கண்ணை மூடுங்க, மறுநாளே இதையும் அனுப்பி வைக்கிறேன்" என்று அப்பாவிடம் நேராகவே சொல்லியிருக்கிறான்.

"எனக்கு முன்னாடி அனுப்பிடாதடா. அங்க யாரு அவளுக்கு மென்னு கொடுப்பா?" என்று அப்பா சிரித்தார்.

நாயைப் பற்றிக் கேட்டால் "ஓடிப்போச்சு" என்கிறான். கண் தெரியாத கிழம் எங்கே ஓடும்?

பெல்காசெம் அடுப்படிக்கு வந்தான். பானையிலிருந்து ஈரல் துண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தான்.

"யாருக்கு அண்ணா?"

"எனக்குத்தான். பசிக்குது."

"அப்ப இங்க உக்காந்து தின்னு."

"நீ எனக்குக் காவலா?"

அவன் போனதும் அண்ணி முணுமுணுத்தாள். "நேத்தும் இப்படித்தான். கல்யாணமாகி இருபது வருஷம், இந்த மனுஷன் ஈரலைத் தொட்டு நான் பாத்ததில்ல."

மெசூதாவுக்கு நினைவு வந்தது. போன வருடம் பக்கத்துத் தோட்டக்காரன் நரிக்கு ஈரலில்தான் விஷம் வைத்தான். மிச்ச மருந்தை அண்ணன் வாங்கி வந்து மாடத்தில் வைத்திருந்தான். போய்ப் பார்த்தாள். டப்பா இருந்தது. முன்பு அதில் எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணன் பின்னாலேயே ஈச்சந்தோப்புக்குள் நடந்தாள். தண்ணீர் மோட்டார் அறைக்குள் அவன் நுழைந்தான். கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

அப்பா உட்கார்ந்திருந்தார்.

அதே புர்னூஸ், தலையில் முக்காடு, அதே கூன். பிறகுதான் அங்கிக்குள் அண்ணனின் சட்டை தெரிந்தது. அவன் வாய் மென்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு மெல்லலுக்கும் தொண்டை குமட்டி ஏறி இறங்கியது. மென்றதை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். ரீமா அங்கியின் ஓரத்தை முகர்ந்தாள், வாயைத் திறக்கவில்லை. அவன் பேசவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு இருமினான். இரண்டு சின்ன இருமல், ஒரு நீளம். அப்பாவின் புகையிலை இருமல்.

ரீமா வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டுத் தின்றாள்.

மெசூதா வந்த வழியே திரும்பினாள்.

"கிடைச்சுதாம்மா?" என்றார் தாஹர் மாமா.

"இல்ல மாமா. போன குளிருக்கு வாங்கின கம்பளி புதுசா இருக்கு. அதை எடுத்துக்குங்க. தப்பா நினைக்காதீங்க."

துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு மூவரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெல்காசெமின் தாடியில் பழுப்பாய் ஒரு ரோமம் ஒட்டியிருந்தது.

"நாயைத் தேடிப் பாத்தியா?" என்று கேட்டான், தட்டைப் பார்த்தபடி.

"ஓடிப்போச்சுன்னு நீதானே சொன்ன."

தன் பக்கம் கிடந்த ஈரல் துண்டை விரலால் அவன் பக்கம் தள்ளினாள்.