ஆர்கிரிஸ் சொன்ன சாட்சி

புதுச் சட்டம் வந்ததிலிருந்து ஆர்கிரிஸ் கிழவருக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. சட்டத்துக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இருக்கிறது. மூன்று வருடம் ஒரே வீட்டில் வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர்களுக்கு, கையில் பேப்பர் எதுவும் இல்லாவிட்டாலும், இனி நாட்டில் தங்க அனுமதி உண்டாம். ஆனால் வீட்டுக்காரர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

லமாரா ஜார்ஜியாக்காரி. ஆறு வருடமாக அவரைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு கிரீஸில், இந்தத் தெசலோனிக்கி நகரத்தில் கிடக்கிறாள். எல்லையைத் தாண்டினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஊர்ப்பக்கம் போனதே இல்லை. அனுமதி கிடைத்தால் போவாள். போனால் வருவாளா? கிழவருக்கு அதுதான் உறுத்தல். சாட்சி சொல்ல அலுவலகத்துக்கு வரச்சொன்ன இரண்டு தடவையும் கால் வலி என்று படுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை லமாராவே ஷூவை எடுத்து வந்து அவர் காலில் மாட்டிவிட்டாள்.

அதிகாரி சின்ன வயதுப் பெண்.

“இவங்க பேர்ல பில்லு, வாடகைச் சீட்டு ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்ல,” என்றார் ஆர்கிரிஸ்.

“இப்பல்லாம் யார் யாரோ வந்து பொய் சாட்சி சொல்றாங்க, பெரியவரே. இவங்க உங்க வீட்லதான் இருக்காங்கன்னு நான் எப்படி நம்புறது?”

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருந்தாலே போதும். லமாரா எங்கேயும் போயிருக்க மாட்டாள். ஆனால் தன்னைப் பொய்யன் என்றதும் மனுஷனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

“நானா பொய் சொல்றேன்? எதைச் சமைச்சாலும் வால்நட்ட அரைச்சு ஊத்துறா. என் சிகரெட்ட அரிசி டப்பால ஒளிச்சு வைக்கிறா. படுத்தா ஒரே குறட்டை, பக்கத்து ரூம்ல மனுஷன் தூங்க வேணாமா? அன்னிக்கு இவ பொண்ணுக்குக் கல்யாணம். சமையல் ரூம்ல உக்காந்து போன்லயே பாத்து அழுதுட்டிருந்தா. நான் என் ரூம்ல சூப் கேட்டு சுவத்தத் தட்டு தட்டுன்னு தட்டுறேன்…”

அதோடு நிறுத்திவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

“கொண்டுவந்தா,” என்றார் மெதுவாக. “ஆற வச்சுக் கொண்டுவந்தா.”

“அந்தப் பொண்ணு பேரென்ன?” என்று கேட்டாள் அதிகாரி.

தெரியவில்லை. ஆறு வருடம் ஒரே கூரை. அவருக்கு முகம் காந்தியது. பக்கத்தில் திரும்பினார்.

“உன் பொண்ணு பேரு என்னம்மா?”

“எலிசோ.” லமாரா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“எனக்குத் தெரியாது,” என்றார் அதிகாரியிடம். “இவகிட்ட நான் கேட்டதே இல்ல.”

அதிகாரி பேனாவை எடுத்தாள். “பொய் சாட்சியா இருந்தா பேர மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பீங்க,” என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். லமாரா அவர் கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

“அடுத்த மாசம் ஊருக்குப் போறேன், தாத்தா.”

“போ.”

“திரும்பி வருவியான்னு கேக்கலையே?”

“கேக்க மாட்டேன்,” என்றார். கேட்டால் அழுதுவிடுவார்.