அல்சீடின் மெட்டு

அப்பாவின் பல்செட்டைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுபோய்ச் சவப்பெட்டிக்காரரிடம் கொடுத்தாள் ஓடில். வாய் ஒடுங்கிய முகத்தோடு அவரை அனுப்பக் கூடாது என்று அம்மா யூலாலி சொல்லியிருந்தாள். அதைத் தவிர காலையிலிருந்து அவள் சொன்னது ஒன்றுதான்: வாத்தியம் வேண்டாம்.

நியூ ஆர்லியன்ஸில் வாத்தியக்காரனை யாரும் வாத்தியம் முழங்காமல் புதைப்பதில்லை. அதிலும் அப்பா, அல்சீட். ஜாஸ் என்று ஒரு பேர் வருவதற்கு முன்பே அதை வாசித்தவர். பூங்காவில் அவர் கார்னெட் என்ற சின்ன ஊதுகொம்பை உயர்த்தினால் நாலு தெரு தள்ளி இஸ்திரி போடுகிறவள் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு நிற்பாளாம். நியூயார்க்கிலிருந்து இசைத்தட்டுக்காரர்கள் வந்து கூப்பிட்டபோது, ஆடுகிறவர்கள் இல்லாத அறையில் யாருக்கு வாசிப்பது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். சிகாகோ போன சின்னவர்கள் அவர் மெட்டுகளைத் தட்டில் போட்டுப் பேர் வாங்கினார்கள். அதற்குள் இவருக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. ஊத முடியாமல் கார்னெட்டை மூடிவைத்துவிட்டுச் சுவர் பூசப் போனார்.

பழைய சேக்காளி ஃபிர்மான், டிரம் அடிக்கிறவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"இருபது வருஷம் அந்தச் சத்தந்தான் அவர வச்சிருந்துச்சு, ஃபிர்மான். இன்னைக்கு ஒரு நாள் என்கூட இருக்கட்டும்."

ஃபிர்மான் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவரோடு சேர்ந்து வாத்தியக்காரர்கள் பன்னிரண்டு பேரும் கறுப்புக் கோட்டு போட்டு, வாத்தியங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். தெருவில் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. வாசலுக்கு வந்தவர்கள், ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தரைக்கு மேலே கட்டியிருந்த கல்லறையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியது அவரோடு வேலை பார்த்தவர்கள்தான்.

திரும்பும்போது பின்னால் முணுமுணுப்பு கேட்டது. அல்சீட் கச்சேரி முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வரும்போது தெருமுனையில் ஒரு மெட்டு வாசிப்பாரே, அது எப்படிப் போகும் என்று ஃபிர்மான் கேட்டார். கார்னெட் வாசிக்கும் லூசியன் மெல்லப் பாடிக் காட்டினார். அங்கே மேலே ஏறும் என்றார் ஒருவர். இல்லை, இறங்கும் என்றார் இன்னொருவர்.

"கேக்க ஆளில்லாமப் போச்சே," என்றார் ஃபிர்மான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா நின்றாள்.

"ரெண்டும் இல்ல."

திரும்பாமலே அந்த மெட்டை முனகினாள். கோயிலுக்கு வெளியே அம்மா பாடி ஓடில் கேட்டதே இல்லை. பாதியில் அம்மா நிறுத்தினாள்.

"மறந்துடுச்சா அண்ணி?" என்றார் ஃபிர்மான்.

"அவரும் இங்க நிறுத்துவாரு. நான் கதவத் திறக்கறேனான்னு பாக்க."

"திறப்பியாம்மா?" என்றாள் ஓடில்.

"எல்லா நாளும் இல்ல."

மீதியையும் முனகி முடித்தாள். லூசியன் கார்னெட்டை உதட்டருகே கொண்டுபோய் அம்மாவைப் பார்த்தார். அவள் கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றாள், வேண்டாமென்று சொல்லவில்லை.

அவர் வாசித்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் தள்ளித் திறந்தார்கள்.

அம்மா, சரி என்பதுபோல் தலையை லேசாக அசைத்தாள்.