ஐந்து தாடகைகள்

எங்கள் நூலகத்தில் ‘தாடகை’ என்ற பெயரில் ஐந்து புத்தகங்கள் இருந்தன. ஒன்று கவிதை, ஒன்று நாவல், ஒன்று சிறுகதைத் தொகுப்பு, மற்ற இரண்டும் நாடகங்கள். எழுதியவர்கள் ஐந்து பேர். போன வாரம் தலைமை நூலகர் கணினியில் பட்டியலைத் தலைப்புவாரியாக அடுக்கினார். ஒரே பெயர் வந்த இடத்திலெல்லாம் ஒன்றை விட்டுவிட்டு, மீதியைக் ‘கூடுதல் பிரதி’ என்று கழித்துவிட்டார். வருகைப் பதிவேட்டில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருந்தால் நாலு பேரை வீட்டுக்கு அனுப்புவார் போலிருக்கிறது.

தப்பியது கவிதை. கெட்டி அட்டை, பொன்னெழுத்து, பத்து வருடமாக யார் கையும் படாதது.

உதவி நூலகரான எனக்கு இது தெரிந்ததே ஓவர்லாக் அக்காவால்தான். பக்கத்துத் தையல் கூடத்தில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர். நாவலைப் பாதி படித்து, தவணை முடிந்ததால் திருப்பித் தந்திருந்தார். மறுபடி கேட்டபோது தலைமை நூலகர் கெட்டி அட்டையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

மதிய இடைவேளையில் வந்து அதை என் மேசைமேல் போட்டார்.

“என்னம்மா இது? இதுல அவ ஒரு வார்த்தை பேசல. அம்பு வாங்கிச் சாகுறதுக்குன்னே வந்து நிக்கிறா. நான் படிச்சதுல, புருசனச் சாகடிச்சவன்கிட்ட நேராப் போயி நியாயம் கேக்கக் கெளம்பிட்டா. கேட்டாளா இல்லையா?”

“அது வேற புக்குக்கா.”

“எங்க சூப்பர்வைசர் வாயத் தொறந்தா என்னைத் தாடகைன்னுதான் கூப்பிடுறான். யாருடா அந்தத் தாடகைன்னு பாக்கத்தான் எடுத்தேன். பாதியில புடுங்கிட்டீங்களே!”

தேடினேன். நாலும் பின்னறையில் சாக்குக்குள் கிடந்தன. பழைய பேப்பர் வண்டி இரண்டு மணிக்கு வரும். தலைமை நூலகரிடம் ஓடினேன்.

“சார், அஞ்சும் வேற வேற.”

“தாடகை கதை தெரிஞ்சதுதானேம்மா. எத்தனை பேர் எழுதினா என்ன, கடைசில சாகத்தானே போறா?”

“நாமளும்தான் சார் சாகப் போறோம். அதுக்காக மத்தியானம் சாப்பிடாமயா இருக்கீங்க?”

“வாய் நீளுது. வீட்டுல முதல் ஆளா டிகிரி வாங்கிட்டா இப்படித்தான்.”

ஆமாம், முதல் ஆள்தான். எங்கள் வீட்டில் புத்தகம் வைக்க ஒரு பலகைகூடக் கிடையாது. நான் படித்ததெல்லாம் இவர் சாக்கில் கட்டுகிற மாதிரிப் புத்தகங்கள்தான். மேசைக்குத் திரும்பினேன்.

வாசகர் கையில் இருக்கும் புத்தகத்தைக் கழிக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. வண்டிக்காரன் ரசீதில் கையெழுத்தாகும் வரை சாக்கில் கிடப்பதும் நூலகப் புத்தகம்தான்.

“அக்கா, உங்க கூடத்துல லைப்ரரி கார்டு வச்சிருக்கவங்க மூணு பேர் வேணும். உடனே.”

பத்து நிமிடத்தில் வந்தார்கள், கழுத்தில் அளவு நாடாவோடு. சாக்கை அவிழ்த்து நாலையும் நாலு பேர் பெயரில் பதிந்து முத்திரை குத்தினேன். சத்தம் கேட்டுத் தலைமை நூலகர் ஓடி வந்தார்.

“இதெல்லாம் கழிச்ச புக்கு!”

“நீங்க இன்னும் கையெழுத்துப் போடல சார்.”

“பதினஞ்சு நாள்ல திரும்பி வரும்ல? அப்ப வச்சிக்கிறேன்.”

“வரும் சார்,” என்றார் ஓவர்லாக் அக்கா. “வந்த கையோட எங்கள்ல இன்னொருத்தி எடுத்துக்குவா. கூடத்துல அறுபது பேர் இருக்கோம்.”

நின்ற இடத்திலேயே நாவலைப் பிரித்துப் பக்கம் தேடிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் எனக்கு மெமோ வந்தது. ஒரே தலைப்பில் ஐந்து நூல்கள் எதற்கு என எழுத்துமூலம் விளக்க வேண்டுமாம். அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘ஐந்தையும் படித்துவிட்டுக் கேளுங்கள். உங்களிடம் இருப்பது ஒன்றுதான். மற்ற நாலுக்கும் வரிசையில் நில்லுங்கள்.’