பச்சைப் பொத்தானில் தொங்கிய அட்டை

1992 புரட்டாசியில் எங்கள் இராஜபாளையம் மில்லுக்கு ஸ்பெயினிலிருந்து பேண்டேஜ் வெட்டும் மெஷின் வந்தது. அதை மாட்ட வந்த ரமோனுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஃபோர்மேன் என்றால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் முதலாளி ஒரு ஸ்பானிஷ் புத்தகத்தை என் தலையில் கட்டினார். நான் படித்தது 'செய்யாதீர்கள்' பாடம் ஒன்றுதான். மில்லில் வேறென்ன சொல்லப்போகிறோம்?

பாடம் லேசுதான். 'ஆர்' என்று முடிகிற வினைக்குக் கடைசியில் 'ஏ', 'ஏர்', 'ஈர்' என்று முடிந்தால் 'ஆ', முன்னால் ஒரு 'நோ'. புல்சார் என்றால் அழுத்துவது. நோ புல்சே, அழுத்தாதீர்கள். மெத்தேர், உள்ளே விடுவது, நோ மேத்தா. அப்ரீர், திறப்பது, நோ ஆப்ரா. எல்லாவற்றையும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். ரமோன் ஒரு அட்டையையும் மீறியதில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

ஆயுதபூஜையன்று, மில்லில் கூட்டித் துடைக்கிற வெள்ளைத்தாய் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, கத்திகளுக்கு நடுவே கையை விட்டுப் பிசிறு துடைத்துக்கொண்டிருந்தாள். சீரியல் லைட் எரிய வேண்டும் என்று முதலாளி மெயினை அணைக்க விடவில்லை. பயந்துபோய், மெஷினை ஓடவிடும் பச்சைப் பொத்தான்மேல் 'நோ புல்சே' அட்டையை மாட்டினேன். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகச் சந்தனம் பூசினேன். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான். ஆனாலும் மில் பூஜையில் அது ஃபோர்மேன் வேலை.

திரும்பிப் பார்த்தால் ரமோன் அட்டை முன்னால் யோசித்தபடி நிற்கிறான். அட்டையிலும் மூன்று விரல் பட்டை போட்டிருந்தேன். சந்தனம் 'நோ'வை முழுசாக மூடிவிட்டது. மிச்சம் 'புல்சே'. அழுத்துங்கள்.

அவன் விரல் நீண்டது. எனக்கோ படித்ததில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. கிண்ணத்தை அவன் கைமேல் வீசினேன்.

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நல்ல நாளில் விருந்தாளியை அடிப்பாயா என்று முதலாளி என்னைத் திட்டித் தீர்த்தார். வெள்ளைத்தாய் கையை உருவிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பாவம், அவிய என்ன செஞ்சாவ அண்ணாச்சி?"

"அவரு ஒண்ணும் செய்யல தாயி. செஞ்சது நாந்தான்."

அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இன்னும் ரெண்டு கத்தி பாக்கி என்று அவள் மறுபடி கையை உள்ளே விட்டாள்.

ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டேன். சீரியல் லைட்டெல்லாம் அணைந்தது. முதலாளி கத்தக் கத்த, அவள் துடைத்து முடிக்கும்வரை அந்த ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.