கிழட்டு எருதும் நான்கு கண்களும்

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில், ஒரு கிழட்டு எருதுக்கு நடந்த பேரத்தின்போது, மாட்டுத் தரகர்கள் தர்மனுக்கும் அருள்நாதனுக்கும் கண்கள் மாறிப்போயின. தர்மனுடையவை அருள்நாதன் முகத்திலும், அருள்நாதனுடையவை தர்மன் முகத்திலும் போய் உட்கார்ந்துகொண்டன. அந்த வாரம் தக்காளி விலை அடியோடு படுத்திருந்ததால் சந்தை முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்தது. கண் விஷயம் மத்தியானத்துக்கு மேல்தான் நாலு பேர் காதுக்கு எட்டியது.

மாட்டு பேரம் வாயால் நடப்பதில்லை. இரண்டு தரகர்கள் கைகோத்து மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். இது பல சந்தைகளில் உண்டு. இந்தத் தரகர்கள் அதோடு நிற்காமல் ஒரு வீம்பையும் சேர்த்திருந்தார்கள். விரல் பேசி முடிகிறவரை ஒருவன் கண்ணை மற்றவன் பார்த்தபடி நிற்க வேண்டும். முதலில் இமைப்பவன் அடுத்தவன் விலைக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தர்மனுக்கென்றே செய்த விதி போல இருந்தது. அவனுக்குச் சாம்பல் நிறப் பூனைக்கண். அது யாரிடமும் எதையும் சொன்னதில்லை. தகப்பன் சாவில் அவன் நின்ற நிற்பைப் பார்த்து, துக்கமா, பாடைக்கு மூங்கில் விலை அதிகமென்ற யோசனையா என்று உறவுக்காரர்களுக்கே பிடிபடவில்லை. அருள்நாதனுடையதோ கன்றுக்குட்டியின் கண். பெரிசு, கறுப்பு, எப்போதும் கொஞ்சம் ஈரம். பல் சேர்ந்த கிழட்டு மாட்டை நாலு பல் இளசு என்று அவன் வாய் சொன்னால், கண் போய்த் தரையைப் பார்க்கும். அதை வைத்துக்கொண்டு அவன் தரகுக்கு வந்தது, ஓட்டைக் கேனோடு பால் ஊற்றக் கிளம்பியது மாதிரி.

அன்று வத்தல்மலையிலிருந்து ஒருவர் ஓட்டி வந்த எருதுக்கு, விற்பவர் பக்கம் அருள்நாதன், வாங்குபவர் பக்கம் தர்மன். கை மேல் துண்டு விழுந்ததுமே தர்மன் சீண்டினான். “சட்டுனு இமைச்சிட்டுப் போப்பா அருளு. உன் கண்ணே வெலைய சொல்லிடுச்சு, வெரலு எதுக்கு வேஸ்ட்டா?” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்திருக்காவிட்டால் அருள்நாதன் வழக்கம்போல இமைத்திருப்பான். அன்று இமைக்கவில்லை. காலை டீ நேரத்தில் பார்க்க ஆரம்பித்தவர்கள் உச்சி வெயில் வரை பார்த்தார்கள். வாங்க வந்தவர் பிரியாணி சாப்பிட்டு, வேறு எருது பிடித்துக்கொண்டு போனார். மலைக்காரர் அலுத்துப்போய்க் கயிற்றை அருள்நாதன் முழங்கையில் மாட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார். கடைசியில் காற்று துண்டைத் தள்ளிவிட்டது. இருவரும் குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது கண்கள் இடம் மாறியிருந்தன. எருது மட்டும் அதைப் பார்த்தது. அதை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

தர்மன் வீடு போய்ச் சேர்ந்ததும் அவன் மனைவி சாலம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். “அவரு சந்தைக்குப் போயிருக்காருங்க. உக்காருங்க, வந்துருவாரு.” முகம் அதே முகம், சட்டை அவளே துவைத்த சட்டை. “நான்தான்டி” என்றான். அவள் கிட்டே வந்து பார்த்தாள். “கொரலு எங்க வூட்டுக்காரருதுதாங்க. பாக்கறது வேற யாரோ” என்றாள். சந்தைக்குப் போய் வந்த பக்கத்து வீட்டார் விவரம் சொன்ன பிறகுதான் சோறு போட்டாள். சாப்பிடும்போது, பல வருஷமாகக் கேட்டு அலுத்த கேள்வியைச் சும்மா கேட்டு வைத்தாள். “எங்கப்பன் சீரா குடுத்த சோடி மாடு கோமாரியிலதான் செத்துதா?” வாய் “ஆமா” என்றது. கண்கள் தட்டை விட்டு இறங்கித் தரைக்குப் போயின. சாலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். “எங்க வித்தீங்க? அரூரா? தருமபுரியா? கம்பைநல்லூரா?” கம்பைநல்லூரில் கண் இமைத்தது. அன்றிலிருந்து தர்மனுக்குப் படுக்கை மாட்டுக்கொட்டகையில். அவளும் தினம் சாயந்தரம் கொட்டகை வாசலில் வந்து நின்று, கல்யாணமான நாள் தொட்டு ஒவ்வொரு வருஷமாக விசாரிக்கத் தொடங்கினாள். தொழிலும் படுத்தது. “ஏங்க, இது செனைதானே?” என்று மாடு வாங்க வருபவர் கேட்டால், அவன் பதில் சொல்வதற்குள் அவர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். தன் கண்ணைத் திரும்ப வாங்காவிட்டால் வீட்டிலும் சந்தையிலும் தன் பேச்சு செல்லாது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

கண் யாருடையதோ ஆள் அவன்தான் என்று ஊர் அதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டது. கயிறு பிடித்தே கைரேகை தேய்ந்தவன் என்பதால், தர்மன் ரேஷன் கடையில் கருவிழி காட்டித்தான் அரிசி வாங்க வேண்டும். கடைக்காரர் மிஷினைப் பார்த்து, “அருள்நாதன், பையப் புடிங்க” என்றார். அவர் தர்மனை இளவயதிலிருந்து அறிந்தவர். அவனிடம் மாடு வாங்கி ஏமாந்தவரும்கூட.

“நான் தர்மங்க.”

“மிஷின்ல அருள்நாதன்னுதான் வருது. மிஷினுக்கு உங்க மேல என்ன காண்டு?”

இத்தனை காலம் பேசிய பேச்சு, பட்ட பகை எல்லாவற்றையும் ஒரு பச்சை விளக்குக்கு விட்டுக்கொடுக்க ஊரில் ஒருவருக்கும் தயக்கமில்லை. அருள்நாதனும் அதை மறுக்கவில்லை. அவன் பூனைக்கண்ணை வைத்து மலட்டுப் பசுவைச் சினையென்று விற்றான், குருட்டு எருமையைச் சாது என்று விற்றான், பிறகு ஒரு கட்சியில் சேர்ந்து பதவியும் வாங்கினான். கண்ணை யாராவது பறித்துவிடுவார்கள் என்று கூலிங்கிளாஸ் மாட்டினான். அது தலைமைப் பண்பு என்று போஸ்டரில் அச்சடித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து, அருள்நாதன் மனைவி லூர்து மேரி தர்மன் வீட்டுக்கு வந்தாள். “அக்கா, ஒரு அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போயிடறேன்” என்றாள். சாலம்மாள் ஒன்றும் கேட்காமல் தர்மனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டாள். விலைக்கு வந்த மாடு போலத் தர்மன் உட்கார்ந்திருந்தான்.

“சாப்ட்டீங்களா?” என்றாள் லூர்து மேரி.

“ஆச்சும்மா.”

“உங்களக் கேக்கலைங்கண்ணா.”

கண்கள் தாமாக நிரம்பி வழிந்தன. தர்மனுக்கு அழுகை எதுவும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் கன்னம் நனைந்தது. “வூட்ல இருக்கறவருக்குப் பசிக்குதா, கோவமான்னே தெரியலைக்கா. போதும்னு சொல்ற வரைக்கும் சோறு போட்டுட்டே இருக்கறேன்” என்றாள் அவள். “நான் ரொம்ப வருசமா அப்பிடித்தான் போட்டேன்” என்றாள் சாலம்மாள். இருவரும் காபி குடித்தார்கள்.

மறுசெவ்வாயன்று தர்மன் துண்டோடு போய் அருள்நாதன் முன்னால் நின்றான். மலைக்காரர் திரும்பி வராததால் அந்தக் கிழட்டு எருது அருள்நாதன் வீட்டிலேயே தின்றுகொண்டிருந்தது. அதை விலைக்குக் கேட்டான். விலைபோகாத மாட்டுக்கு ஆள் வந்தால் எந்தத் தரகனும் விடமாட்டான். பேரத்தில் கண்ணாடி ஆகாது என்பதால் அருள்நாதன் கழற்றினான். துண்டு விழுந்தது. போன தடவை மாதிரி உச்சி வெயில் வரை இழுத்துவிட்டால் கண் திரும்பிவிடும் என்பது தர்மன் கணக்கு. ஆனால் எதிரே இருந்தது அவன் கண். தர்மன் அதைக் கண்ணாடியில் சவரம் செய்யும்போது பார்த்ததோடு சரி, அப்போதும் பார்வை தாடையில்தான் இருக்கும். இப்போதுதான் நேராகப் பார்த்தான். மாட்டை விற்றுவிட்டுக் கூட்டிப் பெருக்கிய கொட்டகை போல அது இருந்தது. இதைப் பார்த்துக்கொண்டுதான் சாலம்மாள் இத்தனை வருஷம் இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வெயில் இன்னும் ஏறக்கூட இல்லை. தர்மன் இமைத்துவிட்டான்.

விதி விதிதான். அருள்நாதன் விரலில் சொன்ன விலைக்கு இரண்டு நல்ல எருது பிடிக்கலாம். தர்மன் அதைக் கொடுத்து, நடக்கச் சோம்பிய அந்த ஒன்றைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தான். “எவ்வளவு?” என்றாள் சாலம்மாள். அவன் வாயைத் திறந்தான். அவள் அதற்குக் காத்திராமல் கண்ணைப் பார்த்தாள், நிறைய நேரம் பார்த்தாள்.

“இவ்வளவா?”

அவன் எருதைக் கொட்டகைப் பக்கம் திருப்பினான்.

“சரி, கட்டுங்க. கொட்டகையில ரெண்டு பேருக்கு எடம் பத்தாது. நீங்க உள்ளார வந்து படுங்க.”

இப்போது ரேஷனில் தர்மன் அருள்நாதனாக அரிசி வாங்குகிறான். பையை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்கிறார்கள். அருள்நாதன் போஸ்டர் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிறது. லூர்து மேரி ஞாயிறு தவறாமல் வந்து, பார்த்துவிட்டு, காபி குடித்துப் போகிறாள். எருது சாகவில்லை. தர்மனுக்கும் தரகு மெல்லத் திரும்பியிருக்கிறது. சந்தைக்காரர்கள் அவன் சொல்வதைக் கேட்பதில்லை, கண்ணைப் பார்த்து வாங்கிப் போகிறார்கள். வீட்டில் பொய் சொல்ல வேண்டி வந்தால் அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். சாலம்மாளுக்கு அதுவே போதுமாக இருக்கிறது.